ஈரத்தின் மேல் ஈரம்: ஆயில் பெயிண்டிங்குக்கு எந்தப் பிரஷ்?

கீழ்ப்பூச்சு காயும் முன்பே அதன்மேல் அடுத்த நிறத்தை வைத்து, ஒரே மூச்சில் படத்தை முடிப்பதுதான் வெட்-ஆன்-வெட் முறை. இதில் பிரஷ்ஷின் விலையை விட முடியின் விறைப்புதான் முக்கியம். கடலூர் மாவட்டத்துப் பிச்சாவரம் சுரபுன்னைக் காட்டை 12×16 இஞ்ச் கேன்வாஸில் வரைவதாக வைத்துக்கொள்ளுங்கள். நான்கு பிரஷ் போதும். இருபது பிரஷ் அடங்கிய செட் வேண்டாம்; அதில் பாதி வாட்டர் கலருக்கான மென்முடி.

1. வானம், தண்ணீர்: 2 இஞ்ச் தட்டை பிரஷ்

பன்றிமுடியாக இருக்கட்டும். கதவுக்குப் பெயிண்ட் அடிக்க விற்பதே உதவும், ஆனால் கடையிலேயே சோதித்து வாங்குங்கள். முடியை உள்ளங்கையில் அழுத்தி வளைத்து விட்டால் உடனே நிமிர வேண்டும். பிறகு லேசாக இழுங்கள். ஓரிரு முடி வந்தால் பரவாயில்லை. கொத்தாக வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். ஈர வானத்தில் ஒட்டிய முடியை எடுக்கப் போனால் பூச்சும் சேர்ந்து வரும். பன்றிமுடியின் நுனி இயற்கையாகவே பிளந்திருக்கும், பெயிண்டைத் தாங்குவது அந்தப் பிளவுதான். ஒழுங்காக்குகிறேன் என்று கத்தரித்துவிடாதீர்கள்.

2. இலைக் கொத்து: ஃபில்பர்ட்

நுனி வளைந்த தட்டை பிரஷ் இது. பிரஷ்ஷின் அளவு எண் கம்பெனிக்குக் கம்பெனி மாறும் என்பதால் அகலத்தைப் பாருங்கள், 12 மி.மீ. அளவு சரி. இதுவும் பன்றிமுடியே.

3. நீரலை: ஃபேன் பிரஷ்

விசிறி போல விரிந்த பிரஷ் இது. முடி அடர்த்தியாக இருக்க வேண்டும். நுனியில் மட்டும் பெயிண்ட் எடுங்கள்.

4. சுரபுன்னை வேர்: லைனர்

மெல்லிய கோடு இழுக்கும் பிரஷ். இது ஒன்று மட்டும் நீளமான, மென்மையான நைலான் முடி. பெயிண்டைத் தின்னர் விட்டு மை போல இளக்கிக்கொள்ளுங்கள். கெட்டியாக எடுத்தால் கோடு பாதியில் அறுந்து, கீழ்ப்பூச்சையும் கீறிவிடும்.

நிறங்கள் கலந்து படம் சேறுபோல மங்குவதற்குப் பெரும்பாலும் காரணம் பிரஷ் அல்ல, கீழ்ப்பூச்சு. அதில் எண்ணெய் மிகுந்தால் எந்தப் பிரஷ்ஷும் வழுக்கும். விரலால் தொட்டுப் பாருங்கள்: லேசாக ஒட்டினால் சரி, விரல் முழுக்க நனைந்தால் காகிதத்தால் ஒற்றி எடுங்கள். கெட்டிப் பெயிண்டின் மேல் அதைவிட இளகியது ஒட்டும், தலைகீழாகச் செய்தால் ஒட்டாது. ஒரு இழுப்பு இழுத்ததும் பிரஷ்ஷைத் துணியில் துடைத்துவிட்டு அடுத்ததுக்குப் போங்கள். ஒரே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்த்தால் இரண்டு நிறமும் கலந்து சாம்பலாகிவிடும்.

இடையில் தண்ணீரில் கழுவ வேண்டாம். நனைந்த பன்றிமுடி துவண்டுவிடும், ஆயில் பெயிண்டும் பிடிக்காது. தின்னரில் அலசி, நன்றாக உதறித் துடைத்தால் போதும். தின்னர் எடுக்கும்போது ஜன்னல் திறந்திருக்கட்டும்.

வேலை முடிந்த பிறகுதான் சோப்பும் தண்ணீரும். நுரை வெள்ளையாகும் வரை கழுவி, முடியை நீவிப் படுக்கையாகக் காய வையுங்கள். நிமிர்த்தி வைத்தால் தண்ணீர் முடியைப் பிடித்திருக்கும் தகரப் பட்டைக்குள் இறங்கிப் பசையை இளக்கும், பிறகு கைப்பிடி ஆடும். புதுச்சேரி, கடலூர்ப் பக்கம் ஐப்பசி, கார்த்திகை ஈரக் காற்றில் பிரஷ் காய இரண்டு நாள்கூட ஆகும். ஈரத்தோடு டப்பாவில் மூடினால் முடியில் பூஞ்சை பிடித்துவிடும்.