அரசு இணையதள ஆடிட்டுக்குப் போகும் இன்டர்னுக்கு

மூன்றாம் ஆண்டு முடிந்த விடுமுறையில், சென்னையில் ஒரு இணையப் பாதுகாப்பு ஆடிட் நிறுவனத்தில் இரண்டு மாதம் இன்டர்னாக இருந்தேன். கிடைத்த வேலை, ஒரு அரசுத் துறையின் விண்ணப்பத் தளத்தைச் சோதிப்பது. உங்களுக்கும் அப்படி ஒன்று வந்தால், முதல் நாள் லேப்டாப்பைத் திறக்காதீர்கள். அனுமதிக் கடிதத்தை வாங்கிப் படியுங்கள். எந்தத் தள முகவரி, எந்த நாள் முதல் எந்த நாள் வரை, நம் பக்கம் எந்த ஐபியிலிருந்து (இணைய எண் முகவரி) என்பதெல்லாம் அதில் இருக்க வேண்டும். வாய்ச்சொல் போதாது. அனுமதியில்லாமல் கைவைத்தால் 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 43, 66 பிரிவுகள் நம் மேலேயே பாயும்.

சோதனை ஸ்டேஜிங் சர்வரில்தான், அதாவது மக்கள் பயன்படுத்தும் தளத்தின் சோதனை நகலில்தான் நடக்கும். அப்புறம், குறைகளைத் தானாகத் தேடும் ஸ்கேனர் மென்பொருளை மட்டும் நம்பாதீர்கள். எங்களுடையது பக்கம் பக்கமாக எச்சரிக்கை கொடுத்தது. பெரிய ஓட்டையைக் கையால்தான் கண்டுபிடித்தோம். இரண்டு சோதனைக் கணக்குகள் தொடங்கி, ஒன்றில் லாகின் செய்து, பர்ப் சூட் என்ற சோதனைக் கருவியில், பிரௌசர் சர்வருக்கு அனுப்பும் ரிக்வெஸ்டைப் பிடித்து, விண்ணப்ப எண்ணை மட்டும் மற்ற கணக்கின் எண்ணாக மாற்றினேன். அந்த விண்ணப்பம் முகவரி, கைபேசி எண்ணோடு அப்படியே வந்தது. லாகின் செய்திருக்கிறாரா என்று பார்த்த சர்வர், விண்ணப்பம் அவருடையதுதானா என்று பார்க்கவில்லை. இணையப் பாதுகாப்பு அமைப்பான ஓவாஸ்ப் (OWASP) 2021-இல் வெளியிட்ட முக்கியக் குறைகளின் பட்டியலில் முதலிடம் இந்த வகைக் குறைக்குத்தான்.

இரண்டும் நம் கணக்கு. நிரூபணம் அதோடு முடிந்தது. மூன்றாவதாக ஒரு எண்ணைப் போட்டுப் பார்க்கக் கை பரபரக்கும். போடாதீர்கள். ஸ்டேஜிங்கிலேயே உண்மையான மக்களின் தகவலை நகலெடுத்து வைத்திருந்தார்கள் என்று பிறகு தெரிந்தது. அதையும் தனிக் குறையாக எழுதினோம்.

அறிக்கைக்குத்தான் அதிக நேரம் ஒதுக்குங்கள். என் முதல் வரைவைப் படித்த பிரிவு அலுவலர், "சரி தம்பி, இதனால யாருக்கு என்ன ஆகும்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. முதல் பத்தியை மாற்றினேன்: "விண்ணப்பித்த எவரும் இன்னொருவரின் முகவரியையும் கைபேசி எண்ணையும் படிக்க முடியும்." அதற்குக் கீழே டெவலப்பருக்காகப் படிப்படியான செய்முறை, எண்களை மறைத்த ஸ்கிரீன்ஷாட், தீர்வு. விண்ணப்ப எண்ணை நீளமாக்கினால் போதாதா என்று டெவலப்பர் கேட்பார். போதாது, ஒவ்வொரு ரிக்வெஸ்டிலும் உரிமையாளர் யார் என்று சர்வர் சரிபார்க்க வேண்டும்.

மறுசோதனையை அவசரமாக முடிக்காதீர்கள். பார்க்கும் பக்கத்தைச் சரிசெய்திருந்தார்கள். பிடிஎஃப் இறக்கும் இணைப்பு திறந்தே கிடந்தது. பார்ப்பது, திருத்துவது, இறக்குவது என்று அந்த எண் போகிற எல்லா வழியையும் மறுபடி தட்டிப் பார்த்தோம். அதையும் அடைத்த பிறகுதான் தளத்துக்குச் சான்று போனது.