வீட்டுக்குக் கத்தி வாங்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறைப் பக்கத்து வீடு ஒன்றில் ஒரு வாரம் நறுக்குவதை எழுதிப் பார்த்தால் பட்டியல் ஏறக்குறைய இப்படி வரும்: சின்ன வெங்காயம், தக்காளி, கத்தரிக்காய், முருங்கைக்காய், அவரை, வாழைக்காய், ஒரு நாள் வாழைத்தண்டோ வாழைப்பூவோ, கீரை, பரங்கிக்காயில் ஒரு கீற்று, ஞாயிற்றுக்கிழமை மீன். தை பிறந்தால் கூட்டுக்குழம்புக்குச் சேனை, சர்க்கரைவள்ளி என்று கிழங்கு வகைகள் சேர்ந்துகொள்ளும். கத்தி வாங்கப் போகும்போது இந்தப் பட்டியல் நம் நினைவுக்கே வருவதில்லை. கடையில் பளபளப்பைப் பார்க்கிறோம், பெட்டியில் அச்சடித்த படத்தைப் பார்க்கிறோம், எடுத்துக்கொண்டு வந்துவிடுகிறோம். நாம் நறுக்கும் காய்க்குப் பொருந்த வேண்டும், கூர் மழுங்கினால் நம் ஊரிலேயே, முடிந்தால் நம் வீட்டிலேயே, மறுபடி தீட்ட முடிய வேண்டும். கத்தி தேர்வு செய்ய இந்த இரண்டும்தான் எனக்கு அளவுகோல். மற்றதெல்லாம் அப்புறம்.

முதல் தவறு, செட்டாக வாங்குவது. கல்யாணச் சீர்வரிசையில் இப்போது மரத்தாங்கியோடு ஐந்தாறு கத்தி வைத்த பெட்டி சாதாரணமாகிவிட்டது. அதில் ரொட்டி அறுக்கும் பல்கத்தி இருக்கும், வறுத்த கறியைத் துண்டு போடும் நீளக் கத்தி இருக்கும். நம் சமையலில் அவற்றுக்கு என்ன வேலை? இரண்டு மாதம் போனால் அந்த வீட்டில் ஒரே ஒரு கத்திதான் புழங்கும், மற்றவை தாங்கியில் தூசி படிந்து நிற்கும். ஒரே விலைக்கு ஆறு கத்தி தருகிறார்கள் என்றால் ஒவ்வொன்றின் எஃகும் எப்படி இருக்கும் என்று யோசித்தாலே போதும். அந்தப் பணத்துக்கு ஆறேழு அங்குல நீளத்தில் நல்ல கத்தி ஒன்று, மூன்றரை அங்குலத்தில் சின்னக் கத்தி ஒன்று வாங்கலாம். பெரியது நறுக்க, சின்னது தோல் சீவவும் காம்பு நீக்கவும். தேங்காய்க்கும் மீனுக்கும் வீட்டில் ஏற்கெனவே இருக்கும் கனமான பழைய கத்தியோ அரிவாளோ போதும்.

அடுத்தது காந்தம். கும்பகோணம் பெரிய கடைத்தெருவிலோ தஞ்சாவூர் கீழவாசலிலோ எவர்சில்வர் பாத்திரம் வாங்கும்போது காந்தம் ஒட்டுகிறதா என்று பார்க்கும் பழக்கம் நம் பெரியவர்களுக்கு உண்டு. ஒட்டினால் மட்டம், ஒட்டாவிட்டால் அசல் என்பது கணக்கு. அதே சோதனையைக் கத்திக்கும் செய்து, காந்தம் ஒட்டுகிறது என்று நல்ல கத்தியைத் திருப்பி வைத்துவிட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். கத்திக்கு இந்தக் கணக்கு நேர்மாறு. சாப்பாட்டுத் தட்டும் குடமும் செய்கிற 304 ரக எஃகில் 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் இருக்கும். அதில் காந்தம் ஒட்டாது, துருவும் லேசில் பிடிக்காது. ஆனால் அதைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கடினமாக்க முடியாது. கடினமாகாத எஃகில் கூர் நிற்காது. கத்திக்கென்று இருக்கிற துருப்பிடிக்காத எஃகில் கார்பன் கூடுதல், குரோமியம் 13 சதவீதத்தை ஒட்டியோ அதற்கு மேலோ இருக்கும், நிக்கல் அனேகமாக இருக்காது. அதைக் காய்ச்சிக் கடினப்படுத்தலாம், காந்தம் நன்றாகவே ஒட்டும். ஆகவே காந்தம் ஒட்டாத கத்தியைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

எஃகின் ரகத்தைக் கத்தியின் பக்கவாட்டில் பொறித்திருப்பார்கள். 1.4116 என்றிருந்தால் அது ஏறக்குறைய 0.5 சதவீதம் கார்பனும் 15 சதவீதம் குரோமியமும் கொண்ட ஜெர்மன் ரகம். வீட்டுக்கு இது தாராளம். ஒன்றுமே பொறிக்காமல் ‘ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்’ என்று மட்டும் போட்டிருந்தால் 10.5 சதவீதக் குரோமியத்துக்கு மேல் நமக்கு எந்த உறுதியும் இல்லை. சிலர் கத்தியின் கடினத்தை ராக்வெல் அளவில் போடுவார்கள். 55 முதல் 58 வரை இருந்தால் கூர் கொஞ்ச நாள் நிற்கும், கீழே விழுந்தாலும் தாங்கும், சாதாரணக் கல்லிலேயே தீட்டிவிடலாம். 60க்கு மேல் போகிற ஜப்பானியக் கத்திகளின் கூர் அற்புதமாக இருக்கும், மறுப்பதற்கில்லை. ஆனால் அவை மெல்லியவை, கடினமானவை. முருங்கைக்காயை நறுக்கிய கையோடு மீன் தலையிலும் போட்டால் வெட்டுவாயில் சில்லு தெறித்துவிடும். தெருவில் வரும் சாணைச் சக்கரத்துக்கும் அவை ஏற்றவை அல்ல. கல் பிடித்துத் தீட்டத் தெரிந்தவர் வீட்டுக்கு அவை போகட்டும்.

டமாஸ்கஸ் என்று சொல்லி அலை அலையாகக் கோலம் போட்ட கத்திகள் இப்போது நிறைய வருகின்றன. தென்னிந்தியாவில் மூசையில், அதாவது மண் குடுவையில், வைத்து உருக்கிய எஃகு மேற்காசியா வரை போய் டமாஸ்கஸ் வாளானது என்பது உண்மையான வரலாறு, நாம் பெருமைப்பட வேண்டியதும்கூட. அதற்கும் மலிவு விலைக் கத்தியின் மேல் லேசரால் கீறிய கோலத்துக்கும் சம்பந்தம் கிடையாது. பலமுறை தேய்த்துக் கழுவும்போது கோலம் மங்கினால் அது மேலே மட்டும் போட்டதாக இருக்கலாம். உண்மையாகவே அடுக்கடுக்காக அடித்த கத்தியிலும் பெரும்பாலும் வெட்டுவது நடு அடுக்கில் இருக்கும் எஃகுதான், கோலம் வெட்டாது.

துருப்பிடிக்காத எஃகு என்றால் துருவே பிடிக்காது என்று நம்புவது இன்னொன்று. புளிக்கரைசலும் உப்பும் பட்ட கத்தியை ராத்திரி முழுக்கத் தொட்டியில் போட்டு வைத்தால் புள்ளி புள்ளியாக அரிக்கும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றே அந்த வேலையைச் செய்யும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் சமையலறைத் துணிகூடக் காயாத வீடுகளில் இன்னும் கவனம் வேண்டும். கழுவு, உடனே துடை. வேறு வைத்தியம் இல்லை.

இதைச் சொன்னதும் பட்டறை இரும்புக் கத்தியை ஒதுக்கிவிட வேண்டாம். நம் பக்கத்துக் கிராமங்களில் கொல்லுப்பட்டறை குறைந்துவிட்டது, ஆனால் அற்றுப்போகவில்லை. கதிர் அரிவாள் அடிக்கிற கை, லாரி ஸ்பிரிங் பட்டையை வாங்கிக் காய்ச்சி, அடித்து, தண்ணீரில் தோய்த்துக் கத்தியாக்கித் தரும். ஸ்பிரிங் பட்டை நல்ல கார்பன் எஃகு, தோய்ச்சல் சரியாக விழுந்தால் கூர் அருமையாக ஏறும். குறை என்ன? வாழைக்காய், வாழைப்பூ, மாங்காய் நறுக்கினால் கத்தியும் கறுக்கும், காயும் கறுக்கும். அந்தக் காய்களின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் வருகிற நிறம் அது. கடுக்காயையும் அன்னபேதி என்கிற இரும்பு உப்பையும் கலந்து மை காய்ச்சியதும் இதே சங்கதிதான். உடம்புக்குக் கெடுதல் இல்லை, கறியின் நிறம்தான் போகும். பந்திக்கு வாழைக்காய் வறுவல் போடுகிறவர் இரும்புக் கத்தியைத் தவிர்க்கலாம், மற்றவர்கள் மோரோ புளித்தண்ணீரோ கலந்த நீரில் உடனே நறுக்கிப் போட்டால் சமாளிக்கலாம். கத்தியைத் துடைத்து ஒரு சொட்டு தேங்காயெண்ணெய் தடவி வைத்தால் வருஷக் கணக்கில் வரும்.

இனி முக்கியமானது ஒன்று. கனமாக இருந்தால் உறுதி என்று எண்ணித் தடித்த கத்தியை வாங்குவதுதான் நம்மிடம் அதிகம் நடக்கும் தவறு என்று நினைக்கிறேன். திருவையாறு, திருக்காட்டுப்பள்ளிப் பக்கம் வாழைத் தோட்டங்களிலிருந்து வரும் இளந்தண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மேல்பட்டையை உரித்துவிட்டு, வட்டம் வட்டமாக மெலிதாக நறுக்க வேண்டும். ஒவ்வொரு வில்லையும் விழும்போது இரண்டுக்கும் நடுவே நார் இழை இழையாக நீளும். அதை ஆள்காட்டி விரலில் சுற்றிக்கொண்டே போக வேண்டும், இல்லாவிட்டால் பொரியலில் நூல் சிக்கும். முதுகு இரண்டு மில்லிமீட்டருக்கு மேல் போகாத, வெட்டுவாயை நோக்கி நன்றாக மெலிந்து வரும் கத்தியில் தண்டு வழுக்கிக்கொண்டு விழும், நார் நீளமாகக் கையோடு வரும். தடித்த கத்தியில் தண்டு நறுக்கப்படாது, பிளந்துகொள்ளும். நாரும் அங்கங்கே அறுந்து உள்ளேயே நின்றுவிடும். பரங்கிக்காய், சேனைக்கும் இதே கதை. தடித்த கத்தி ஆப்பு மாதிரி நடுவில் போய் நிற்கும், நாம் மேலே கை வைத்து அழுத்துவோம், அழுத்தும்போதுதான் கத்தி வழுக்கிக் கையில் படும். கடையில் கத்தியை முனைப் பக்கத்திலிருந்து கண்ணுக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். முதுகிலிருந்து வாய் வரை சீராக மெலிந்து வருகிறதா, அல்லது கடைசி ஓரத்தில் மட்டும் சீவி விட்டிருக்கிறார்களா என்பது தெரிந்துவிடும்.

அகலத்தையும் பார்க்க வேண்டும். நின்று மேடையில் நறுக்குகிறவருக்குக் கத்தி அகலம் பிடிப் பக்கம் நாலு சென்டிமீட்டராவது இருந்தால்தான் விரல் முட்டி பலகையில் இடிக்காது. குறுகிய பிளாஸ்டிக் பிடிக் கத்தியைக் கையில் ஏந்தி, கட்டைவிரலை நோக்கி நறுக்கப் பழகியவர்கள் நம்மில் பாதிப்பேர். வேகம் வரும், சரி, ஆனால் கட்டைவிரல் முழுக்கக் கோடு கோடாக இருக்கும்.

அரிவாள்மணையைத் தூக்கிப் பரணில் போடுவதைத் தவறு என்றே சொல்வேன். வாழைப்பூவை ஆய்ந்து அள்ளிப் பிடித்து நறுக்கவும், கீரைக் கட்டை அப்படியே கொடுக்கவும் அதற்கு ஈடு கிடையாது. இரண்டு கையாலும் காயைப் பிடிக்கலாம், கத்தி அசையாது. முழங்கால் வலியால் கீழே உட்கார முடியாதவர்களுக்கு மேடையில் பொருத்துகிற வகையும் இருக்கிறது. பிள்ளைகள் இருக்கும் வீட்டில் வேலை முடிந்ததும் அலகை மடக்கி வைக்கக்கூடியதாகப் பார்த்து வாங்குங்கள்.

பிடியைப் பற்றிச் சுருக்கமாக: ஈரக் கையில், எண்ணெய்க் கையில் பிடித்தாலும் வழுக்கக்கூடாது. முழுக்க எவர்சில்வரில் செய்த பிடி பார்க்க அழகு, வாழைப்பூவுக்கு எண்ணெய் தடவிய கையில் நிற்காது. அலகின் இரும்பு பிடியின் கடைசி வரை ஓடி, ரிவிட் அடித்திருந்தால் நல்லது. பிடிக்கும் அலகுக்கும் நடுவே இடுக்கு இருந்தால் அங்கே அழுக்கு சேரும்.

நல்ல கத்தியை வாங்கி வந்து கிரானைட் மேடையிலோ எவர்சில்வர் தட்டிலோ வைத்து நறுக்கினால் அந்த வாரமே கூர் போய்விடும். கிரானைட்டில் இருக்கும் குவார்ட்ஸ் கத்தி எஃகைவிடக் கடினமானது. ஒவ்வொரு வெட்டிலும் கல்தான் ஜெயிக்கும். கண்ணாடிப் பலகையும் அப்படியே. மரப்பலகை வாங்குங்கள். கறிக்கடைக்காரர்கள் புளிய மரக் கட்டையில் வெட்டுவது காரணமாகத்தான். மரம் கத்திக்கு வழி விடும். மீனுக்குத் தனிப் பலகை வைத்துக்கொண்டால் காய்கறியோடு கலக்காது.

கடைசியாகச் சாணை. கூர் போன கத்தியைத் தூக்கிப் போட்டுப் புதிது வாங்குவது வீண் செலவு. தெருவில் சாணைக்காரர் வந்தால் தாராளமாகக் கொடுங்கள், ஆனால் பக்கத்தில் நில்லுங்கள். சக்கரத்தில் பொறி பறக்க ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் வெட்டுவாய் சூடேறும். ஓரத்தில் நீல நிறம் தெரிந்தால் அந்த இடம் குறைந்தது 300 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போய்விட்டது, பதம் இறங்கிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு அந்தப் பகுதி முழுக்கத் தேய்ந்து போகும் வரை எத்தனை முறை தீட்டினாலும் அங்கே கூர் நிற்காது. ‘அண்ணே, தண்ணியில தோய்ச்சு தோய்ச்சு லேசாப் புடிங்க’ என்று சொன்னால் அவரும் அப்படியே செய்வார். அம்மி ஓரத்திலும் வாசற்படிக் கல்லிலும் தேய்ப்பது பழைய இரும்புக் கத்திக்குச் சரி, மெல்லிய கத்தியை அது தின்றுவிடும்.

வீட்டிலேயே தீட்ட 1000 என்று எண் போட்ட தீட்டுக்கல் ஒன்று போதும். கல்லைத் தண்ணீரில் நனைத்து, கத்தியைப் படுக்க வைத்து, முதுகை மட்டும் ஒரு சென்டிமீட்டர் தூக்குங்கள். நாலு சென்டிமீட்டர் அகலக் கத்திக்கு அது சுமார் 15 டிகிரி சாய்வு. அந்தச் சாய்வு மாறாமல் அடியிலிருந்து முனை வரை மெதுவாகத் தேய்க்க வேண்டும். எதிர்ப்பக்க ஓரத்தை விரலால் முதுகிலிருந்து வாய்ப் பக்கமாக, வெளிப்புறம் நோக்கித் தடவிப் பார்த்தால் மெல்லிய பிசிறு தட்டுப்படும். பிசிறு நீளம் முழுக்க வந்த பிறகு திருப்பிப் போட்டு அடுத்த பக்கம். முடிவில் அழுத்தமே இல்லாமல் மாற்றி மாற்றி இழுத்தால் பிசிறு உதிர்ந்துவிடும். சோதித்துப் பார்க்கக் கட்டைவிரலை ஓட்ட வேண்டாம், பழுத்த நாட்டுத் தக்காளியின் மேல் கத்தியை வைத்து, அழுத்தாமல் இழுங்கள். தோல் நசுங்காமல் திறந்துகொண்டால் ஆயிற்று. தோல் குழிந்து, விதை பிதுங்கி வெளியே வந்தால் இன்னும் கொஞ்சம் தீட்ட வேண்டும். பல் வைத்த காய்கறிக் கத்திகளை இப்படித் தீட்ட முடியாது, அதனாலேயே நான் அவற்றைச் சிபாரிசு செய்வதில்லை.

தீட்டிய கத்தியைக் கரண்டிகளோடு டிராயரில் போட்டால் ஒன்றோடொன்று இடித்து மறுபடி மழுங்கும். மடித்த அட்டையில் ஓர் உறை செய்து சொருகி வையுங்கள், அல்லது சுவரில் காந்தப்பட்டை அடித்து ஒட்டவிடுங்கள்.