குற்ற வழக்கு விசாரணையில் தயாரிப்புக்கு அவகாசம் கேட்பது எப்படி?

குற்ற வழக்கில் சாட்சி விசாரணை தொடங்கிவிட்டால், வந்திருக்கும் சாட்சிகளை முடிக்கும் வரை அதை நாள்தோறும் தொடர்ந்து நடத்த வேண்டும் என்பதே சட்டம். வாய்தா, அதாவது விசாரணையை வேறு தேதிக்குத் தள்ளிவைப்பது, அதற்கு விலக்குதான். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 346-ஆம் பிரிவு, தரப்பினரின் சக்திக்கு மீறிய காரணம் இருந்தால் மட்டுமே, அதுவும் எதிர்த்தரப்பைக் கேட்டபின், அதிகபட்சம் இரண்டு வாய்தா தரலாம் என்கிறது. அந்தத் தேதிக்கு முன்பே விசாரணை நிலுவையில் இருந்த வழக்குகளுக்குப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவே பொருந்தும் என்பதால், மனுவில் எந்தப் பிரிவைக் குறிப்பிடுவது என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

வழக்கறிஞருக்கு வேறு நீதிமன்றத்தில் வேலை இருக்கிறது என்பது காரணமாகாது என்று சட்டமே சொல்லிவிட்டது. ஆனாலும் தினமும் கேட்கப்படுவது அந்தக் காரணம்தான். குற்றப்பத்திரிகையுடன் தரவேண்டிய வாக்குமூலங்களிலோ ஆவணங்களிலோ சில இன்னும் கைக்கு வரவில்லை, குற்றச்சாட்டு இடையில் திருத்தப்பட்டது, சட்ட உதவி வழக்கறிஞர் இப்போதுதான் நியமிக்கப்பட்டார் என்பவை நீதிமன்றம் காதுகொடுக்கும் காரணங்கள். கடைசிக் காரணத்துக்கு உச்ச நீதிமன்றத்தின் வலுவான துணை உண்டு. மத்தியப் பிரதேசத்தில் வழக்கறிஞர் நியமிக்கப்பட்ட அன்றே குற்றச்சாட்டு வனையப்பட்டு, இரண்டு வாரத்துக்குள் மரண தண்டனையில் முடிந்த ஒரு விசாரணையை, 2019 டிசம்பரில் அது ரத்து செய்து, மறு விசாரணைக்கு அனுப்பியது. ஆயுள் அல்லது மரண தண்டனைக்கு வாய்ப்புள்ள வழக்குகளில் இவ்வாறு நியமிக்கப்படும் வழக்கறிஞருக்குக் குறைந்தது ஏழு நாள் தயாரிப்பு அவகாசம் பொருத்தமானது என்றும் அத்தீர்ப்பு கூறியது.

எப்போது கேட்கிறோம் என்பதில்தான் பல மனுக்கள் தோற்கின்றன. சாட்சி வெளியூரிலிருந்து வந்து கூண்டேறக் காத்திருக்கும்போது, எழுத்தில் பதிவு செய்யத்தக்க சிறப்புக் காரணம் இல்லாமல் அவரைத் திருப்பி அனுப்ப முடியாது. வழக்கறிஞர் தயாராக இல்லாவிட்டால் முதல் விசாரணையை (சாட்சியை அழைத்த தரப்பே அவரைக் கேட்பது) பதிவு செய்துவிட்டு, குறுக்கு விசாரணை இல்லை என்று நீதிபதி முடித்துவிடலாம். பிறகு அந்தச் சாட்சியைத் திரும்ப அழைக்க 348-ஆம் பிரிவின்கீழ் (பழைய 311) தனி மனுப் போட்டுப் போராட வேண்டியிருக்கும். ஆகவே சாட்சிக்குச் சம்மன் போகும் முன்பே மனுவைத் தாக்கல் செய்து, அரசு வழக்கறிஞருக்கும் நகல் கொடுத்துவிடுவது நல்லது.

மனுவில் "தயாரிப்புக்கு அவகாசம் தேவை" என்று மட்டும் எழுதினால் பயனில்லை. எந்த வேலை பாக்கி, ஏன் பாக்கி, எத்தனை நாளில் முடியும் என்ற மூன்றும் தெரிய வேண்டும். உதாரணமாக (இதில் எதிரி என்பது குற்றம் சாட்டப்பட்டவர், அ.சா. என்பது அரசுத் தரப்பு சாட்சி): "அரசுத் தரப்பு ஆவணப் பட்டியலில் 7-ஆவதாக உள்ள தடய அறிவியல் அறிக்கையின் நகல் எதிரிக்கு நேற்றுதான் வழங்கப்பட்டது. அதைப் படித்து, சிறையில் உள்ள எதிரியிடம் அறிவுரை பெறாமல் அ.சா.4-ஐக் குறுக்கு விசாரணை செய்ய இயலாது. எனவே பத்து நாட்கள் அவகாசம் வழங்குமாறு வேண்டப்படுகிறது." முழு வழக்கையும் நிறுத்தச் சொல்லாமல் ஒரு சாட்சியின் குறுக்கு விசாரணையை மட்டும் தள்ளிவைக்கக் கேட்பது, என் கணிப்பில், எளிதாகக் கிடைக்கும்; அமர்வு நீதிமன்றத்தில் அதற்கு 254-ஆம் பிரிவிலேயே இடமிருக்கிறது.

மனு போட்டாயிற்று என்று எதிரி அன்றைக்கு வராமல் இருந்துவிடக் கூடாது. வர இயலாவிட்டால் 355-ஆம் பிரிவின்கீழ் (பழைய 317) தனியாக விலக்கு கேட்க வேண்டும். இல்லையேல் பிடியாணை வரும். அவகாசம் தரும்போது செலவுத்தொகை கட்டச் சொல்லவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு என்பதால், கையில் கொஞ்சம் பணம் இருக்கட்டும். எதிரி சிறையில் இருந்தால், தள்ளிப்போகும் ஒவ்வொரு நாளும் அவருடைய சிறைவாசம் நீளும். தேவையான நாட்களுக்கு மேல் ஒரு நாள்கூடக் கேட்காதீர்கள்.