முதல் மைப்பேனா வாங்கப் போகிறீர்களா?

சென்னை பாரிமுனை ஆண்டர்சன் தெருவுக்குப் போகும்போது சாதாரண நோட்டுத்தாள் ஒன்றை மடித்து எடுத்துச் செல்லுங்கள். பேனா முள்ளை மையில் தொட்டு, அந்தத் தாளில் எட்டு போட்டுப் பாருங்கள். வளைவில் தாளைக் கீறினால் அந்தப் பேனா வேண்டவே வேண்டாம்.

தொடக்கத்துக்கு கேம்லின் போதும். ஹீரோ 616-இல் முள் பெரும்பாலும் மூடியிருப்பதால் மை சீக்கிரம் உலராது. போலிகள் ஏராளம், கவனம். கூடுதலாகச் செலவிட முடிந்தால் பிளாட்டினம் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பிரெப்பி. மூடிக்குள் இன்னொரு மூடி உண்டு. மாதக்கணக்கில் தொடாவிட்டாலும் எழுதும்.

குழாயில் நேரடியாக மை ஊற்றும் பேனாவா? கால்பங்குக்குக் கீழே இறங்கவிடாதீர்கள். கைச்சூட்டில் உள்காற்று விரிந்து, முள் நுனியில் சொட்டு திரளும். ராயபுரத்து மே மாத வெயிலில் கேட்கவே வேண்டாம்!

படம் வரையும் இந்தியன் இங்க் மட்டும் ஊற்றிவிடாதீர்கள். முள்ளுக்கு மை கொண்டுவரும் நாக்கு அடைத்துக்கொள்ளும்.