பக்கவாதம் வந்தவர் வீட்டில் விழாமலிருக்க: கைப்பிடி பொருத்திய பின் செய்ய வேண்டியவை

பக்கவாதத்துக்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய முதல் சில வாரங்களில் கீழே விழும் ஆபத்து மிகுதி. கழிவறையில் கைப்பிடி பொருத்தி, வழுக்கும் மிதியடிகளை அகற்றியதும் வேலை முடிந்ததாகப் பல குடும்பங்கள் எண்ணிவிடுகின்றன. அவை கட்டாயம் வேண்டும். ஆனால் விழுந்தவரிடம் பொறுமையாகக் கேட்டால், "உங்களை எழுப்ப மனம் வரவில்லை, நானே போய்விடலாம் என்று எழுந்தேன்" என்ற பதில் வரக்கூடும்.

முதலில் அந்தக் கூச்சத்துக்கு வழி செய்யுங்கள். நேற்றுவரை குடும்பத்தைத் தாங்கியவர், சிறுநீர் கழிக்க மருமகளின் கையைப் பிடிக்க வேண்டியிருப்பதை எளிதில் ஏற்கமாட்டார். இரவில் அடக்கி அடக்கிப் பார்த்து, முடியாதபோது இருட்டிலேயே அவசரமாக எழுவார். அவர் கேட்கக் காத்திராமல், படுக்கும் முன்பும் வழக்கமாக அவர் விழிக்கும் நேரத்திலும் நீங்களே அழைத்துச் செல்லுங்கள். நன்றாக இயங்கும் கைக்கு எட்டும் இடத்தில் அழைப்பு மணியை வையுங்கள். யார் துணைக்கு வரவேண்டும் என்பதை அவரே சொல்லட்டும். மணி கேட்டதும் முகம் சுளிக்காமல் வருவதை நான் கைப்பிடிக்குச் சமமான பாதுகாப்பாகவே கருதுகிறேன்.

அடுத்தது அச்சம். ஒருமுறை விழுந்தவர் நடையைக் குறைத்துக்கொள்கிறார். நடை குறையக் குறையக் கால் தசை தளர்ந்து, மறுபடி தடுமாற்றம் வருகிறது. "நீங்கள் எழுந்திருக்கவே வேண்டாம்" என்று பாசத்தால் தடுப்பதும் அதே இடத்தில்தான் கொண்டுபோய் விடுகிறது. நாற்காலியிலிருந்து எழுவது, குளிப்பது, படியிறங்குவது, கூட்டத்தில் நடப்பது என ஒவ்வொன்றாகச் சொல்லி, எதற்கு எவ்வளவு பயம் என்று கேளுங்கள். குறைவாகப் பயப்படும் செயலை முதலில் எடுத்துக்கொண்டு, இயன்முறை மருத்துவர் காட்டியபடி நாள்தோறும் பழக்குங்கள். தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறை சிகிச்சை வீட்டுக்கே வருகிறது. மருத்துவமனைக்குப் போக இயலாதவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.

சிலருக்கோ அச்சமே இருக்காது. மூளையின் வலப்பக்கம் பாதிக்கப்பட்டவர்களில் சிலர், தம் இடது கை, கால் வலுவிழந்ததையே உணர்வதில்லை; இடப்புறம் உள்ள கதவு நிலையும் கட்டில் காலும் அவர்கள் கவனத்தில் படுவதில்லை. இவர்களுக்கு ஊக்கமூட்டுவதைவிட, பக்கத்தில் ஆள் இருப்பதே அவசியம்.

பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு மனச்சோர்வு உண்டாகிறது. இரண்டு வாரமாகச் சோகமாகவோ எதிலும் நாட்டமின்றியோ இருந்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்து தேவைப்பட்டால் விழும் ஆபத்தையும் சேர்த்துக் கேளுங்கள்: பிரிட்டனில் 3,127 பக்கவாத நோயாளிகளிடம் நடத்தப்பட்டு 2018-இல் வெளியான ஆய்வில், ஃபுளுவாக்சிடீன் என்ற மனச்சோர்வு மருந்தை உட்கொண்டவர்களிடம் மனச்சோர்வு குறைந்தது, எலும்பு முறிவு கூடியது. ஆயினும், ஏற்கெனவே எடுத்துவரும் மருந்தை நீங்களாக நிறுத்தக் கூடாது.

பராமரிப்பு ஒருவர் தலையிலேயே விழுந்தால், தூக்கமின்மையால் அவர் கண்ணயரும் நேரத்தில் நோயாளி தனியே எழுவார். இரவுகளையாவது முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளுங்கள்.

எவ்வளவு கவனித்தும் விழுந்துவிட்டால் கடிந்துகொள்ளாதீர்கள். திட்டு வாங்கியவர் அடுத்த முறை விழுந்ததை மறைத்துவிடுவார். தலையில் அடிபட்டாலும், எழ முடியாமல் இடுப்பு வலித்தாலும் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். மற்றபடி, என்ன செய்ய எழுந்தார், மணி என்ன, வீட்டில் யார் இருந்தார்கள் என்பதை ஒரு நோட்டில் எழுதி, அடுத்த பரிசோதனைக்கு எடுத்துச் செல்லுங்கள்.