பிரேக் பேட் ஒருபக்கமாகத் தேய்கிறதா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

ஒரே வீலில் ஒரு பேட் பாதிகூடத் தேயவில்லை, இன்னொன்றில் இரும்புத் தகடே தெரிகிறது. இதைப் பார்த்ததும் பலர் புது செட் வாங்கி மாட்டி, வண்டியை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். பெரிய தவறு அதுதான். பேட் தானாக ஏறுமாறாகத் தேய்வதில்லை. தேய வைத்த கோளாறு கேலிப்பரில் (வீலோடு சுற்றும் டிஸ்க்கின்மேல் பேடுகளை அழுத்தும் பாகம்) அப்படியே இருந்தால், புது பேடுக்கும் அதே கதிதான்.

அதனால் கழற்றிய பேடுகளை உடனே தூக்கிப் போடாதீர்கள். எந்த வீல், உள்பக்கமா வெளிப்பக்கமா என்று பின்தகட்டில் எழுதிவிட்டு அருகருகே வைத்துப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் கேலிப்பருக்கு உள்பக்கம் மட்டும்தான் பிஸ்டன். பெடலை மிதித்ததும் அது உள்பேடை டிஸ்க்கின்மேல் தள்ளும். அதன் எதிர்விசையில் கேலிப்பர் முழுவதும் ஸ்லைடு பின்கள் என்ற வழுக்குக் கம்பிகள்மேல் நகர்ந்து, வெளிப்பேடையும் இழுத்து அழுத்தும். இது புரிந்தால் மீதி எளிது. உள்பேட் மட்டும் தேய்ந்திருந்தால், ஸ்லைடு பின் இறுகியிருக்கலாம், அல்லது பிஸ்டன் பின்வாங்காமல் நிற்கலாம். வெளிப்பேட் அதிகம் தேய்ந்திருந்தால், பிரேக்கை விட்ட பிறகும் கேலிப்பர் திரும்பி நகராமல் அந்தப் பேட் உரசிக்கொண்டே இருந்திருக்கிறது என்று பொருள். ஒரு பேடே ஆப்பு மாதிரி ஒரு முனையில் மெலிந்திருந்தால், இரண்டு பின்களில் ஒன்று இறுகியிருக்கிறதா என்பதையும், பேடின் காதுகள் உட்காரும் பிராக்கெட்டில் துரு ஏறியிருக்கிறதா என்பதையும் பாருங்கள். வலது வீலில் இரண்டு பேடும் தீர்ந்து இடது வீலில் நன்றாக இருந்தால், பிஸ்டனோடு, பிரேக் ஆயில் வரும் ரப்பர் குழாயான ஹோஸையும் சந்தேகப்படுங்கள். பழைய ஹோஸ் உள்ளே ஊதி அடைத்துக்கொண்டால் பிரேக் ஆயில் போகும், திரும்பி வராது.

முன்பக்கமும் பின்பக்கமும் வேறு வேறு வேகத்தில் தேய்வதைக் கோளாறு என்று நினைக்க வேண்டாம், அது இயல்பு.

கீச்சென்ற சத்தம் வரட்டும் என்று காத்திருப்பதும் ஆபத்து. அந்தச் சத்தத்தை எழுப்பும் சின்னத் தகடு பல கார்களில் ஒரு வீலுக்கு ஒரு பேடில் மட்டுமே இருக்கும். மற்றது தீர்ந்துபோனால் எச்சரிக்கையே வராது. வீல் இடுக்கில் டார்ச் அடித்துப் பார்ப்பவர்களும் பெரும்பாலும் வெளிப்பேடை மட்டும்தான் பார்க்கிறார்கள். இரும்புத் தகட்டைச் சேர்க்காமல், புதிதில் 10 முதல் 12 மில்லிமீட்டர் வரை இருக்கும் பேட் 3 மில்லிமீட்டருக்கு வந்தால் மாற்ற வேண்டும். எந்தப் பேட் மெலிந்ததோ, அதுதான் கணக்கு.

அடுத்தது கிரீஸ். பின் இறுகிவிட்டது என்று தெரிந்ததும் கைக்கு எட்டியதைப் பூசிவிடுகிறார்கள். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் பின்னை மூடியிருக்கும் ரப்பர் பூட் ஊதிப்போகும், பின் முன்னைவிட மோசமாக இறுகும். பழைய கிரீஸைத் துடைத்தெடுத்துவிட்டு, பிரேக்குக்கென்றே வரும் சிலிகான் கிரீஸை மெல்லியதாகப் போடுங்கள். கையால் தள்ளினாலே பின் வழுக்கிப் போக வேண்டும். பூட் கிழிந்திருந்தால் மாற்றியே ஆக வேண்டும். இல்லையென்றால் தண்ணீர் புகுந்து மறுபடி துருப்பிடிக்கும். சில கேலிப்பர்களில் ஒரு பின்னுக்கு மட்டும் ரப்பர் உறை இருக்கும், அதை இடம் மாற்றிப் போடக்கூடாது.

காசு மிச்சம் என்று தேய்ந்த வீலில் மட்டும் பேட் மாற்றுவதும், உள்பேடை வெளியே போட்டுச் சமன் செய்யப் பார்ப்பதும் வேண்டவே வேண்டாம். ஒரு ஆக்ஸிலின் (முன்பக்கமோ பின்பக்கமோ) இரண்டு வீல்களுக்கும் சேர்த்தே மாற்றுங்கள். இல்லையென்றால் பிரேக் பிடிக்கும்போது வண்டி ஒருபக்கம் இழுக்கலாம். டிஸ்க்கின் கனத்தையும் அளந்துவிடுங்கள். குறைந்தபட்ச அளவு பெரும்பாலும் அதிலேயே பொறித்திருக்கும்.

வேலையின்போது கேலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வையுங்கள். பின்வீல்களில் பிஸ்டனை அமுக்குமுன் கொஞ்சம் நில்லுங்கள். கேலிப்பருக்குள்ளேயே ஹேண்ட் பிரேக் இருந்தால் பல கார்களில் பிஸ்டனைத் திருகித்தான் உள்ளே தள்ள முடியும். எலக்ட்ரானிக் பார்க்கிங் பிரேக் என்றால் முதலில் சர்வீஸ் நிலைக்கு மாற்ற வேண்டும். பலத்தைக் காட்டினால் கேலிப்பரே போய்விடும்.

எல்லாம் மாட்டியபின், வண்டியை நகர்த்துவதற்கு முன்பே பெடலைப் பலமுறை மிதியுங்கள். பிஸ்டன்களை உள்ளே தள்ளியிருப்பதால் முதல் மிதி தரையைத் தொடும். பெடல் கெட்டியாகும் வரை கியரைத் தொடாதீர்கள்.