லைட் ஓபராவை கச்சேரியா பண்ணும்போது சொதப்புற இடங்கள்

இங்கிலாந்துல ஊர் கொயரும் (பாடகர் குழு) ஊர் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து ஒரு லைட் ஓபரா, அதாவது பாட்டும் வசனமும் கலந்த ஜாலியான இசை நாடகம், பண்ணலாம்னு முடிவெடுத்தா பெரும்பாலும் கில்பர்ட் (வரிகள்) - சல்லிவன் (இசை) ஜோடி கிட்டதான் போவாங்க. செட் கிடையாது, வேஷம் கிடையாது, நின்ன இடத்துல நின்னு பாடினா போதும், அதனால இது ஈசினு நெனைக்கிறாங்க பாருங்க, முதல் தப்பே அதுதான். நாடகமா போட்டா ஒருத்தர் கொள்ளைக்காரன் வேஷத்துல வந்து நின்னாலே பாதி கதை புரிஞ்சிடும், கச்சேரியில எல்லாரும் கறுப்பு டிரஸ்ல நிக்கிறாங்க, வாயில இருந்து வர்ற வார்த்தை மட்டும்தான் கதை, அது கடைசி வரிசை வரைக்கும் போகலன்னா எவ்வளவு அழகா பாடியும் பிரயோஜனம் இல்ல. அவங்க எழுதினதுல அடிக்கடி எடுக்கிற, கடல் கொள்ளைக்காரங்க கதையான 'பைரேட்ஸ் ஆஃப் பென்சான்ஸ்' வெச்சே சொல்றேன்.

நடுவுல வர்ற வசனத்தை எடுத்துட்டு ஒரு நரேட்டரைப் போடுவாங்க. பெரும்பாலும் அவர் நல்லா பேசுவார், ஆனா எழுதிக் கொடுத்தவர் ஸ்கோரை (முழு இசைக்குறிப்பு புக்) திறந்தே பாத்திருக்க மாட்டார். எது பாட்டுலயே வருது, எது வசனத்துல மட்டும் வருதுன்னு உக்காந்து பிரிச்சிட்டுதான் நரேஷன் எழுதணும். உதாரணத்துக்கு கதாநாயகன் ஃப்ரெடரிக் பொறந்தது பிப்ரவரி 29, அவன் கொள்ளைக்கார கூட்டத்துல இருக்கணும்னு ஒப்பந்தத்துல போட்டிருக்கிறது 21 வயசு வரைக்கும் இல்ல, 21-வது பிறந்தநாள் வரைக்கும், அதனால பாவம் 1940 வரைக்கும் அவனுக்கு விடுதலை இல்ல, இந்த முடிச்சை ரெண்டாவது ஆக்ட்ல அவங்களே பாடித்தான் அவுக்கிறாங்க. இதை நரேட்டர் ரெண்டு நிமிஷம் முன்னாடியே சொல்லிட்டா அந்த பாட்டுக்கு சிரிப்பே வராது. அதே சமயம் இந்த கொள்ளைக்காரங்க அநாதைகளைத் தொடவே மாட்டாங்கங்கிற விஷயம் முதல் ஆக்ட் வசனத்துல வர்றது, வசனம் போச்சுன்னா இதுவும் போச்சு, அப்புறம் கதாநாயகி மேபெலோட அப்பா மேஜர் ஜெனரல் திடீர்னு நான் ஒரு அநாதைன்னு பாடும்போது ஆடியன்ஸ் முழிக்கும். அதை நரேட்டர் கண்டிப்பா சொல்லணும். இந்த ஒரு கணக்கு சரியா இருந்தா நரேஷன் தானா சின்னதாயிடும்.

அடுத்தது சத்தம். தியேட்டர்ல ஆர்கெஸ்ட்ரா குழிக்குள்ள இருக்கும், பாடகர் மேல நிப்பாங்க. கச்சேரியில ஆர்கெஸ்ட்ரா மேடை நடுவுல, கொயர் அதுக்கும் பின்னாடி. சல்லிவன் இதை எழுதினது ரொம்ப சின்ன ஆர்கெஸ்ட்ராவுக்கு, ஊதுற வாத்தியங்கள்ல ஒரே ஒரு ஓபோ, ஒரே ஒரு பசூன், ட்ரம்பெட்டுக்கு பதிலா அதை விட மென்மையா ஒலிக்கிற ரெண்டு கார்னெட், இப்படித்தான். நம்ம ஊர் ஆர்கெஸ்ட்ராவுல யாரையும் விட மனசு வராம வயலின் வாசிக்கிற எல்லாரையும் உக்கார வெச்சு, கார்னெட் இடத்துல ட்ரம்பெட்டும் வெச்சா மேஜர் ஜெனரலோட அந்த வேகமான பாட்டுல ஒரு வார்த்தை கூட தேறாது. மைக் இருக்கேன்னு சொல்லுவாங்க. மைக் சத்தத்தைக் கூட்டும், தெளிவைக் கூட்டாது. அந்த பாட்டுக்கு மட்டுமாவது வயலின், செல்லோ மாதிரி ஒவ்வொரு ஸ்ட்ரிங் செக்‌ஷன்லயும் முன்வரிசை மட்டும் வாசிக்கட்டும், யாரும் கோச்சுக்க மாட்டாங்க, முதல்லயே சொல்லிட்டா.

எனக்கு இந்த ஓபராவுலயே ரொம்ப பிடிச்ச இடம் ஒண்ணு, அதிகமா சொதப்புறதும் அங்கதான். ஃப்ரெடரிக்கும் மேபெலும் காதலிக்கிறாங்க, அவ அக்கா தங்கச்சிங்க எல்லாம் பாக்காத மாதிரி திரும்பி நின்னு வானிலை பத்தி கடகடன்னு பேசிட்டே இருப்பாங்க. அரட்டை ரெண்டு தட்டுல ஓடும், காதல் மூணு தட்டு வால்ட்ஸ்ல மிதக்கும், ரெண்டும் ஒரே நேரத்துல. காதல் ஜோடி முன்னாடி, அரட்டை அடிக்கிற பெண்கள் ஆர்கெஸ்ட்ராவுக்குப் பின்னாடி, நடுவுல 15 மீட்டர் இருந்தாலே சத்தம் போய்ச் சேர 44 மில்லி செகண்ட் ஆகுது. அப்ப கொயர் காதால கேட்டு பாடினா கண்டிப்பா பின்தங்கும், பின்தங்கினதைக் கேட்டு சோலோ ஆளுங்களும் இழுப்பாங்க. இந்த இடத்துல காதை நம்பாதீங்க, கண்டக்டர் குச்சியை மட்டும் பாருங்க. சத்தத்தைக் குறைச்சு, நாக்கு நுனியில பாடுங்க, அந்த அரட்டை மனப்பாடமா வரணும்.

மனப்பாடம்னதும் ஞாபகம் வருது, புக்கை கையில வெச்சு பாடுறது ஏதோ குறைச்சல்னு சிலர் நெனைக்கிறாங்க. இந்த ஓபரா முதன்முதல்ல மேடையேறினதே அப்படித்தான். அமெரிக்காவுல இவங்களோட முந்தின ஓபரா 'பினஃபோர்'ஐ ஆளாளுக்கு திருடிப் போட்டதால, இதை 1879 டிசம்பர் 31 நியூயார்க்குல திறந்தாங்க, இங்கிலாந்து காப்பிரைட்டுக்காக முந்தின நாளே பெய்ன்டன்ங்கிற ஊர்ல ஒரு ஷோ. பக்கத்து ஊர் டார்கீல பினஃபோர் நடிச்சிட்டிருந்த கம்பெனி ஒரே ஒரு ரிகர்சலோட வந்து, தலையில கைக்குட்டை கட்டிக்கிட்டு, பேப்பரைப் பாத்து பாடிட்டுப் போனாங்க. ஆக புக் இருக்கட்டும், ஆனா நெஞ்சு உயரத்துல இருக்கட்டும், மூஞ்சியை அதுக்குள்ள புதைச்சா சத்தமும் அதோட போயிடும்.

அந்த புக் விஷயத்துலயே இன்னொரு தலைவலி. இப்ப காப்பிரைட் எப்பவோ முடிஞ்சதால ஆளுக்கொரு எடிஷன் டவுன்லோட் பண்ணிட்டு வருவாங்க, பக்க நம்பர் ஒத்துப்போகாது, வாடகைக்கு வர்ற ஆர்கெஸ்ட்ரா பார்ட்ல (ஒவ்வொரு வாத்தியத்துக்கும் தனியா இருக்கிற இசைத்தாள்) ரிகர்சல் எழுத்து, அதாவது எங்க இருந்து ஆரம்பிக்கணும்னு காட்டுற ஏ, பி, சி அடையாளம், வேற இடத்துல இருக்கும். கண்டக்டர் 'லெட்டர் எஃப்' னு சொன்னா வயலின் ஒரு இடம், ஆல்டோ (கீழ்க்குரல் பாடுற பெண்கள்) ஒரு இடம். ஆர்கெஸ்ட்ரா வர்றதுக்கு முன்னாடியே ஒருத்தர் ரெண்டையும் வெச்சு பார் பாரா ஒத்துப் பாத்து எழுதி வெச்சிடணும். பழைய இசை ஃப்ரீதான், ஆனா புதுசா பதிப்பிச்ச பார்ட்டுக்கும் வேற யாரோ எழுதின நரேஷனுக்கும் உரிமை தனியா இருக்கும், அதையும் கேட்டுக்கோங்க.

ஆம்பளைங்க பத்தாதது எல்லா கொயருக்கும் உள்ளதுதான். இதுல கொள்ளைக்காரங்களும் ஆம்பளைங்க, போலீசும் ஆம்பளைங்க, ரெண்டாவது ஆக்ட்ல ரெண்டு கூட்டமும் ஒரே நேரத்துல பாடுது. யார் எதுன்னு முதல் ரிகர்சல்லயே பிரிங்க, கடைசி வாரம் பிரிச்சா டெனர் (மேல்குரல் ஆம்பளைங்க) எல்லாம் ஒரு பக்கம் போய் நிக்கும். முதல் ஆக்ட் முடிவுக்கிட்ட கவிதையை வாழ்த்தி வாத்தியம் இல்லாம வர்ற கோரஸ்ல சுதி இறங்கிட்டா, ஆர்கெஸ்ட்ரா திரும்ப நுழையுற நொடியில ஹால் முழுக்க தெரிஞ்சிடும். அதனால பியானோ இல்லாமயே பாடிப் பழகுங்க, முடிச்சதும் சுதியை செக் பண்ணுங்க, ஒவ்வொரு ரிகர்சல்லயும்.

ஆர்கெஸ்ட்ராவோட சேர்ந்து கிடைக்கிறது பெரும்பாலும் கச்சேரி அன்னைக்கு மத்தியானம் ஒரே ஒரு ரிகர்சல்தான். அதுல எல்லாருக்கும் பிடிச்ச பெரிய கோரஸை ஆரம்பத்துல இருந்து கடைசி வரைக்கும் பாடி நேரத்தைக் கரைக்காதீங்க, அது எப்படியும் ஓடிடும். ரெசிட்டேடிவ் (பேசுற மாதிரியே பாடுற பகுதி), நரேஷன் முடிஞ்சு பாட்டு ஆரம்பிக்கிற இடம், வேகம் மாறுற இடம், ஒரு பாட்டு அடுத்ததுக்குள்ள நுழையுற இடம், இதையெல்லாம் முதல்ல முடிங்க, நரேட்டரையும் கூடவே நிக்க வெச்சு.